மனை, மாந்தோப்பு, லைன் வீடு: எதில் எவ்வளவு அலைச்சல்? (ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி)

ஷிப்ட்_ஓசூர்:
வணக்கம். ஓசூர் சிப்காட்டில் வேலை, மூன்று ஷிப்டும் மாறி மாறி வரும். கையில் 22 லட்சம் இருக்கிறது. பார்த்து வைத்திருப்பது மூன்று: நல்லம்பள்ளி பக்கம் டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) ஒப்புதல் மனை, பர்கூர் பக்கம் காய்ப்புக்கு வந்த மாந்தோப்பு, கடன் சேர்த்து ஓசூரிலேயே நான்கு போர்ஷன் லைன் வீடு (வரிசையாக வாடகைக்கு விடும் குடியிருப்புகள்). விலை ஏறுமா என்று நான் கேட்கவில்லை. வாங்குவதற்கு முன்னும் பின்னும் எவ்வளவு நேரம் போகும், எதற்கெல்லாம் நேரில் அலைய வேண்டும், அதைக் காசாக எப்படிப் போடுவது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பத்திர_வாசிப்பு:
சார், மொத்தம் எத்தனை மணி நேரம் என்று மட்டும் பார்த்தால் முடிவு தப்பாகப் போகும். அந்த வேலை எந்த நேரத்தில் வந்து விழுகிறது என்பதுதான் ஷிப்ட்காரருக்கு முக்கியம். மனையில் முக்கால்வாசி வேலை கிரயத்துக்கு முன்பே முடிந்துவிடும். தாலுகா ஆபீஸும் பதிவு அலுவலகமும் பகலில் திறந்திருப்பவை, இரண்டாம் ஷிப்ட் வாரங்களில் காலையில் போய் வந்துவிடலாம். லைன் வீட்டில் வாங்கிய பிறகுதான் வேலையே ஆரம்பம், அதற்கு நேரம் காலம் கிடையாது. தோப்பில் வருடத்துக்கு நான்கைந்து முறை வேலை குவியும், அந்தத் தேதிகளை மரம்தான் முடிவு செய்யும்.

மனைக்கான காகித வேலையைச் சொல்கிறேன். வீட்டில் உட்கார்ந்தே செய்யக்கூடியது நிறைய. பதிவுத்துறை தளத்தில் வில்லங்கம் (சொத்தின் மேல் பதிவான கிரயம், அடமானம் இவற்றின் பட்டியல்) இலவசமாகப் பார்க்கலாம், பெரும்பாலான அலுவலகங்களுக்கு 1975-லிருந்து கிடைக்கும். மனை எண்ணை மட்டும் போட்டுத் தேடிவிட்டு நிறுத்தாதீர்கள். லேஅவுட் போடும் முன் அந்த நிலத்துக்கு இருந்த தாய் சர்வே எண், அதன் ஒவ்வொரு உட்பிரிவு, யுடிஆர் என்ற நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்துக்கு முந்தைய பழைய எண், எல்லாவற்றையும் தனித்தனியாகப் போட்டுப் பாருங்கள். 45/2 என்று தேடினால் 45/2ஏ-வில் பதிவான அடமானம் வராமலே போகலாம்.

அடுத்து வருவாய்த்துறை தளத்தில் பட்டா, அ-பதிவேடு (நில வகை, உரிமையாளர் விவரப் பதிவேடு), புலப்படம் (நில அளவு வரைபடம்) மூன்றும். அ-பதிவேட்டில் நில வகையைப் பாருங்கள். பஞ்சமி நிலம் (பட்டியல் சாதியினருக்கு அரசு ஒதுக்கியது), நிபந்தனை ஒப்படை (நிபந்தனையோடு அரசு கொடுத்த நிலம்) என்று தெரிந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். நடுவில் எத்தனை பேர் கை மாறியிருந்தாலும் நிபந்தனை மீறல் என்று அரசு திரும்ப எடுக்கலாம்.

லேஅவுட்டுக்கு டிடிசிபி ஒப்புதல் எண்ணோடு ஒப்புதல் வரைபடமும் கேளுங்கள். வரைபடத்தில் உள்ள சாலை, பூங்கா இடங்களுக்கு உள்ளாட்சியின் பெயரில் தானப் பத்திரம் பதிவாகியிருக்க வேண்டும். 500 சதுர மீட்டருக்கு மேலும் 8 மனைக்கு மேலும் உள்ள திட்டத்துக்கு ரெரா (மனை வணிக ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு கட்டாயம். அதனாலேயே எட்டு எட்டாகப் பிரித்து விற்பவர்கள் உண்டு, அங்கே கூடுதல் கவனம் தேவை. ஒப்புதல் இல்லாத பழைய மனை 20.10.2016-க்கு முன் மனையாகப் பதிவாகியிருந்தால் மறுபடி பதிவாகும். ஆனால் வரன்முறை (கட்டணம் கட்டிப் பிறகு ஒப்புதல் வாங்குவது) செய்யாமல் கட்டட அனுமதி வராது. அந்த அலைச்சல் முழுக்க உங்கள் தலையில்.

உண்மையில் நேரம் தின்பது வாரிசு விஷயம். நம் பக்கம் பூர்வீக நிலத்தை அண்ணன் தம்பிகள் மட்டும் பாகம் பிரித்து விற்பது சாதாரணமாக நடக்கிறது. 25.3.1989 முதல் தமிழ்நாட்டுத் திருத்தம், 2005-இல் மத்தியத் திருத்தம், இரண்டுமே மகள்களுக்குப் பங்கு தருகின்றன. பாகப்பிரிவினையில் பெண்மக்கள் கையெழுத்து இல்லை என்றால் அவர்கள் எந்த ஊரில் இருந்தாலும் வந்து கையெழுத்துப் போட வேண்டும். இதை முடிப்பது விற்பவரின் வேலை. அவர் முடிக்கிறவரைக்கும் முன்பணம் தராதீர்கள். பதிவாகாத உயில், வாய்மொழிப் பாகம், கோர்ட்டில் கிடக்கும் வழக்கு இவை வில்லங்கத்தில் தெரியாமல் போகலாம். ஊரில் விசாரிக்கத்தான் வேண்டும், அதற்கு ஓர் அரை நாள் ஒதுக்குங்கள்.

சர்வே_கல்:
மேலே சொன்னது காகிதம். நிலத்தில் நடக்கிற வேலையை நான் சொல்கிறேன்.

புலப்பட அளவு மீட்டரில் இருக்கும், பத்திரம் அடியிலும் சென்டிலும் பேசும், பட்டா ஹெக்டேர், ஏரில் வரும். 1 மீட்டர் 3.28 அடி, 1 ஏர் 2.47 சென்ட், 1 சென்ட் 435.6 சதுரடி. இந்த மூன்றையும் ஒரே தாளில் மாற்றி எழுதிக்கொண்டு டேப்போடு போங்கள். 30-க்கு 40 மனையில் ஒரு பக்கம் ஓர் அடி குறைந்தால் 30 அல்லது 40 சதுரடி போய்விடும். லேஅவுட்காரர் நட்ட கல்லிலிருந்து அளந்தால் பிழை அப்படியே தொடரும். புலப்படத்தில் உள்ள சர்வே கல் ஏதாவது ஒன்றைத் தேடிப் பிடித்து அங்கிருந்து அளந்து வாருங்கள். உழவு, ஜேசிபி, சாலை வேலை இவற்றில் கல் காணாமல் போயிருக்கும். அப்போது இ-சேவை வழியாக அளவைக்கு மனுப் போட வேண்டும். சர்வேயர் தேதி கிடைக்க வாரக்கணக்கில் ஆகலாம். வருகிற அன்று பக்கத்துப் பட்டாதாரர்களும் இருந்தால்தான் அந்த அளவை நிற்கும்.

கூட்டுப் பட்டா (பல பேர் பெயரில் ஒரே பட்டா) இருந்தால் இன்னும் கவனம். முழு சர்வே எண்ணும் ஒருவர் பெயரில் இருந்து அப்படியே கைமாறினால் பட்டா தானாக மாறிவிடும். ஒரு பகுதியை வாங்கினால் உட்பிரிவு. அதற்குக் கட்டணம் சில நூறு ரூபாய்தான், ஆனால் சர்வேயர் அளவை, தாசில்தார் உத்தரவு, பங்காளி ஆட்சேபம் என்று மாதக்கணக்கில் நீளும். யுடிஆரில் பெயர் தப்பாக ஏறியிருந்தால் கோட்டாட்சியர், மாவட்ட வருவாய் அலுவலர் வரைக்கும் போக நேரிடும். ஆகையால் விற்பவர் பெயரில் தனிப் பட்டா வந்த பிறகே கிரயம் என்று பேசுங்கள். விலையில் கொஞ்சம் விட்டுக்கொடுத்தாலும் இதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

வழி இருக்கிறதா என்று புலப்படத்தில் பாருங்கள். வண்டித் தடம் நிலத்தில் தெரியும், படத்தில் இருக்காது. தோப்பு வாங்குகிறவர்கள் அதிகம் மாட்டிக்கொள்வது இதில்தான்.

சூளகிரி, பர்கூர், போச்சம்பள்ளி பக்கம் என்றால் நில எடுப்பையும் விசாரியுங்கள். சிப்காட் எடுப்பது 1997-ஆம் ஆண்டுத் தொழில் நோக்க நில எடுப்புச் சட்டப்படி, தேசிய நெடுஞ்சாலைக்கு அதன் சட்டத்தின் 3ஏ பிரிவு அறிவிக்கை. அறிவிக்கை வந்த சர்வே எண்ணை வாங்கினால் இழப்பீட்டுக்காகத் தனி அலைச்சல்.

லைன்வீடு_மத்திகிரி:
மூன்றாவது வழியைப் பற்றி. நாலு போர்ஷன் என்றால் ஒரு வீடு மாதிரி நாலு மடங்கு வேலை என்று நினைப்பார்கள், அப்படியில்லை. பொது விஷயங்கள்தான் ஆளைத் தின்னும்: தண்ணி, செப்டிக் டேங்க், பொது மீட்டர், பைக் நிறுத்தும் இடம்.

தண்ணிதான் முதல். ஓசூர் சுற்றுவட்டாரத்தில் ஆயிரம் அடியைத் தாண்டும் போர் புதுசு இல்லை. அந்த ஆழத்தில் மோட்டார் நின்றால் தூக்கும் வண்டி, ஆள், கேபிள், ரீவைண்டிங் என்று இரண்டு மூன்று நாள் ஓடிவிடும். அதுவரை நாலு குடும்பத்துக்கும் லாரித் தண்ணி நீங்கள்தான் ஏற்பாடு பண்ண வேண்டும். மோட்டார் எரிவதற்குப் பெரும்பாலும் இரண்டே காரணம்: போரில் தண்ணி இறங்கி வெறுமனே ஓடுவது, லோ வோல்டேஜ். டிரை ரன் கட் ஆஃப் வசதியுள்ள ஸ்டார்ட்டரும், தொட்டி நிரம்பினால் நிற்கிற ஆட்டோமேட்டிக் சுவிட்சும் கட்டாயம் போடுங்கள். இந்த இரண்டையும் போட்டாலே ராத்திரி போன்கால் பாதி குறையும். உப்புத் தண்ணி என்பதால் ஷவர், டேப், ஹீட்டர் எல்லாம் படிந்து அடைத்துக்கொள்ளும். பிளம்பர் ஒருத்தரை வருடப் பேச்சில் வைத்துக்கொள்வது நல்லது.

வாங்கும்போதே போர்ஷனுக்கு ஒரு மீட்டர் இருக்கிறதா என்று பாருங்கள். சப் மீட்டர் வைத்துப் பிரித்து வசூலிக்கிற வீட்டில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை தகராறு உறுதி. இணைப்புப் பெயர் மாற்றம், சொத்துவரிப் பெயர் மாற்றம் இரண்டையும் கிரயம் ஆன மாதமே முடித்துவிடுங்கள்.

கம்பெனி ஆட்கள் அடிக்கடி மாறுவார்கள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் வெள்ளை அடிப்பது, பூட்டு மாற்றுவது, வீடு காட்டுவது, அட்வான்ஸ் கழிப்பது என்று இருக்கும். 22.2.2019 முதல் புதிய வாடகைச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், 90 நாளுக்குள் வாடகை அதிகார அமைப்பில் பதிய வேண்டும். தனியாக வேறு ஒப்புக்கொள்ளாவிட்டால் குடியிருப்புக்கு மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக்கூடாது. பதியாமல் விட்டால் காலி பண்ண வைக்கும் நாளில் கையில் ஆதாரம் இருக்காது. நாலு போர்ஷனுக்கு ஒழுங்காகச் செய்தால் சராசரியாக மாதம் பத்து மணி நேரம் போகும். ஆனால் அந்தப் பத்து மணி நேரம் நீங்கள் கேட்கிற நேரத்தில் வராது.

ஷிப்ட்_ஓசூர்:
அண்ணா, முதல் ஷிப்டில் போனை லாக்கரில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போக முடியும். இந்த ஒன்றே எனக்குப் பெரிய விஷயம். தோப்பு பற்றி யாராவது?

பெங்களூரா_தோப்பு:
தம்பி, காய்ப்புத் தோப்பு என்றால் சும்மா கிடந்தாலும் காய்க்கும் என்று சொல்லி விற்பார்கள். காய்க்கும்தான், ஆனால் ஒரு வருடம் நன்றாகக் காய்த்தால் மறு வருடம் குறையும். பராமரிப்பு இல்லாத தோப்பில் அந்தக் குறை ரொம்பப் பெரிதாகத் தெரியும்.

அறுவடை முடிந்ததும் ஆகஸ்ட், செப்டம்பரில் கவாத்து (கிளை வெட்டுவது), எரு, மழையை ஒட்டி உழவு. மார்கழியிலிருந்து மாசிக்குள் பூ. பூங்கொத்து நீளும்போது தத்துப்பூச்சிக்கு முதல் மருந்து, இரண்டு வாரம் கழித்துப் பூ நிலையைப் பார்த்து அடுத்தது. பூ முழுக்க விரிந்திருக்கிற நேரத்தில் பூச்சிமருந்து அடிக்கக்கூடாது, மகரந்தம் சேர்க்கிற தேனீயும் ஈயும் போய்விடும். இந்த இரண்டு வாரக் கணக்கில் நாலு நாள் தள்ளினாலும் பிஞ்சு நிற்பது பாதிக்கும். உங்கள் ஷிப்ட் எதுவாக இருந்தாலும் பூ காத்திருக்காது. செந்தூரா ரகம் ஏப்ரல், மே என்று முன்னால் வரும், பெங்களூரா ரகம் ஜூன், ஜூலைக்குப் போகும், அதன் விலையை மாங்கூழ் தொழிற்சாலைகள் எடுக்கிற விலைதான் தீர்மானிக்கிறது.

பழைய முறையில் 10 மீட்டருக்கு ஒரு மரம், ஏக்கருக்கு 40 மரம். அடர் நடவில் 5 மீட்டருக்கு ஒன்று, ஏக்கருக்கு 160. மரம் கூடினால் வருமானம் கூடும் என்று மட்டும் பார்க்காதீர்கள், கவாத்து வேலையும் அதே மாதிரி கூடும்.

அலைச்சலைக் குறைக்கப் பலர் பூவிலேயே வியாபாரிக்குப் பேசிவிடுகிறார்கள். அது சரியான வழி, ஆனால் எழுதும்போது அந்தப் பருவத்து மகசூல் விற்பனை ஒப்பந்தம் என்று மட்டும் எழுதுங்கள். நிலத்தைக் குத்தகைக்கு விட்டேன் என்று எழுதி வருடக்கணக்கில் ஒருவரே உழுது பயிர் வைத்தால், 1955-ஆம் ஆண்டுப் பயிரிடும் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டத்தில் உரிமை கேட்க இடம் உண்டு. காவலுக்கு ஆள் வைத்தாலும் கூலி கொடுத்ததற்கு ரசீது வைத்துக்கொள்ளுங்கள்.

இலவச விவசாய மின் இணைப்புக்குக் காத்திருப்பு நீளம். தட்கலில் (பணம் கட்டி முன்னுரிமையில் வாங்கும் திட்டம்) 5 எச்பி வரை 2.5 லட்சம், 7.5 எச்பிக்கு 2.75 லட்சம் என்று கட்டணம் வந்தது. ஆகையால் இணைப்போடு இருக்கிற தோப்புக்குக் கொஞ்சம் கூடக் கொடுக்கலாம், இணைப்பு விற்பவர் பெயரில்தானா என்று அட்டையைப் பாருங்கள். தேன்கனிக்கோட்டை, தளி, அஞ்செட்டி பக்கம் மலிவாக வருகிறது என்று போகாதீர்கள், அங்கே யானை இறங்கும் இடங்களில் ராக்காவல் இல்லாமல் பயிர் வைக்க முடியாது.

நம்ம_காரிமங்கலம்:
எல்லாரும் பயமுறுத்துகிறீர்கள். எல்லாவற்றுக்கும் ஆள் இருக்கிறார்கள். புரோக்கரிடம் இரண்டு சதவீதம் கொடுத்தால் பட்டா வரைக்கும் அவரே பார்த்துக்கொள்வார். நேரம் இல்லாதவர் பணம் கொடுக்கலாமே?

பத்திர_வாசிப்பு:
பணம் கொடுத்து வாங்கக்கூடிய வேலை உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. நகல் மனுப் போடுவது, டோக்கன் எடுப்பது, பத்திரம் எழுதுவது, முள் வெட்டுவது, வேலி போடுவது, வாடகை வசூல், இதெல்லாம் கொடுத்துவிடுங்கள். ஆனால் புரோக்கருக்குக் கிரயம் நடந்தால்தான் காசு. கிரயத்தை நிறுத்த வேண்டிய காரணத்தைக் கண்டுபிடிக்கும் வேலையை அவரிடம் ஒப்படைப்பது முறையில்லை. அதற்குத் தனியாகக் கட்டணம் வாங்குகிற வக்கீல் வேண்டும், அவரும் விற்பவர் காட்டுகிற வக்கீலாக இருக்கக்கூடாது. எல்லையில் நின்று பக்கத்து நிலத்துக்காரரிடம் பேசுவது, வாடகைக்கு வருகிறவரைத் தேர்ந்தெடுப்பது, இந்த இரண்டையும் நீங்களே செய்யுங்கள். யாருக்காவது அதிகாரப் பத்திரம் கொடுத்தே ஆக வேண்டும் என்றால் இன்ன வேலைக்கு மட்டும் என்று எழுதுங்கள்.

பதிவு நாளை முகூர்த்த நாளில் வைக்காதீர்கள். ஒரு சார்பதிவாளர் உள்ள அலுவலகத்தில் வழக்கமான 100 டோக்கன் அன்றைக்கு 150 ஆகும், பகல் முழுக்கப் போய்விடும்.

கணக்குப்பிள்ளை:
காசுக் கணக்கு கேட்டீர்களே. உங்கள் ஒரு மணி நேரத்துக்கு விலை உங்கள் ஓடி (ஓவர்டைம்) கூலிதான். சட்டப்படி ஓடிக்கு இரட்டைக் கூலி. மாதம் 26,000, 26 நாள், 8 மணி நேரம் என்று வைத்தால் மணிக்கு 125, ஓடி 250. இதை வைத்துப் போடுகிறேன். கீழே வரும் விலைகள் எல்லாம் உதாரணத்துக்கு, நீங்கள் உங்கள் எண்ணைப் போட்டுக்கொள்ளுங்கள்.

லைன் வீடு, எல்லாம் சேர்த்து 60 லட்சம். நான்கு போர்ஷன், தலா 7,000 வாடகை, வருடத்துக்கு 3,36,000. அது விலையில் 5.6 சதவீதம், விற்பவர்கள் சொல்லும் கணக்கு இதுதான். போர்ஷனுக்கு ஒரு மாதம் காலியாக இருந்தால் 28,000 குறையும். வரி, வெள்ளை, மோட்டார், செப்டிக் லாரி 48,000. மீதி 2,60,000. மாதம் பத்து மணி நேரம் என்றால் வருடத்துக்கு 120 மணி, 30,000. நிற்பது 2,30,000, அதாவது 3.8 சதவீதம். இதில் 38 லட்சம் கடன், 9 சதவீதம் வட்டி என்றால் முதல் வருட வட்டி மட்டும் சுமார் 3,40,000. வாடகை வட்டிக்கே போதாது. உழைப்பும் போட்டு, மாதாமாதம் சம்பளத்திலிருந்தும் போட வேண்டியிருக்கும்.

மனை. முத்திரைத்தீர்வை, பதிவுக் கட்டணம் சேர்த்து 9 சதவீதம். வக்கீல், அளவை, வேலிக்கு 60,000 ஒதுக்குங்கள். 22 லட்சம் கையில் என்றால் மனை விலை 19.5 லட்சத்தைத் தாண்டக்கூடாது: 1,75,500 பதிவுக்கு, மொத்தம் 21,85,500. முன்வேலைக்கு 60 மணி நேரம் பிடித்தால் அதற்கு 15,000. அப்புறம் வருடத்துக்கு இரண்டு முறை போய் முள் வெட்டிக் கல்லைப் பார்த்துவிட்டு வந்தால் போதும். ஆனால் விற்கும்வரை ஒரு ரூபாய் வரவு இல்லை, வாங்கிய மறுநாளே மனை விலையில் சுமார் 12 சதவீதம் பின்னால் இருந்துதான் ஆரம்பிக்கிறீர்கள். இரண்டு மூன்று வருடத்தில் விற்க நினைப்பவருக்கு இது ஒத்துவராது. மதிப்பு 10 லட்சத்துக்குள் உள்ள சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால் 1.4.2025 முதல் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு, சின்ன மனை என்றால் அதையும் பாருங்கள்.

தோப்புக்கு ஒரு விஷயம் சாதகம். கிராமப்புற விவசாய நிலத்தை விற்றால் மூலதன ஆதாய வரி இல்லை. ஆனால் தூரக் கணக்கு உண்டு: 2011 கணக்கெடுப்பில் ஒரு லட்சத்தைத் தாண்டிய ஓசூர் எல்லையிலிருந்து 6 கிலோமீட்டர், லட்சத்துக்குள் உள்ள கிருஷ்ணகிரி, தருமபுரி எல்லையிலிருந்து 2 கிலோமீட்டர், நேர்க்கோட்டில். அதற்குள் இருந்தால் வரி உண்டு.

மச்சான், நண்பன் என்று கூட்டாக வாங்குகிறவர்களுக்கும் ஒன்று. அலைகிறவர் ஒருவராகவும் பங்கு சமமாகவும் இருந்தால் மூன்றாவது வருடம் மனக்கசப்பு வரும். மணிக்கு இவ்வளவு என்று முதலிலேயே எழுதி, விற்கும்போது அதைக் கழித்துவிட்டு மீதியைப் பிரியுங்கள்.

சர்வே_கல்:
வேலிக் கணக்கு விட்டுப்போனது. 30-க்கு 40 மனைக்குச் சுற்றளவு 140 அடி. 8 அடிக்கு ஒன்று என்று 18 கல்தூண், நான்கு மூலையிலும் முட்டுக்கல். நம் மாவட்டத்தில் கல்தூணே சுலபமாகக் கிடைக்கிறது, சிமெண்ட் தூணுக்குப் போக வேண்டாம். இரண்டு அடி ஆழம் புதைக்க வேண்டும், ஒன்றரை அடியில் நிறுத்தினால் முதல் மழையில் சாயும். வேலி போடும் முன் பக்கத்து மனைக்காரருக்குச் சொல்லி, அவர் முன்னால் கயிறு பிடியுங்கள்.

ஷிப்ட்_ஓசூர்:
எல்லாருக்கும் நன்றி. லைன் வீட்டை விட்டுவிடுகிறேன். மனைதான் பார்க்கப் போகிறேன், பத்து வருடம் தொடாமல் வைக்க முடியும். ஒரே ஒரு கேள்வி. விற்பவர் "முதலில் அட்வான்ஸ், அப்புறம் அளவை" என்கிறார். என்ன செய்வது?

சர்வே_கல்:
மேலே சொன்ன வாரிசுக் கையெழுத்து பாக்கி இல்லை என்றால் அட்வான்ஸ் கொடுக்கலாம், கிரய அக்ரிமெண்ட் போட்டு. தொகை சிறியதாக இருக்கட்டும், வங்கி வழியாகவே போகட்டும். சொத்துக்கான முன்பணத்தை 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவது வருமான வரிச் சட்டப்படியே கூடாது. அக்ரிமெண்டில் மூன்று வரி எழுதச் சொல்லுங்கள்: 45 நாளுக்குள் விற்பவர் செலவில் அளவை, அளவு குறைந்தால் சதுரடிக் கணக்கில் விலை குறையும், தனிப் பட்டாவோ வழியோ இல்லை என்று தெரிந்தால் முன்பணம் முழுதாகத் திரும்பும். அக்ரிமெண்டைப் பதிவு செய்யுங்கள், அப்போதுதான் அது வில்லங்கத்தில் ஏறும், வேறொருவருக்கு விற்க முயன்றால் வாங்க வருகிறவருக்குத் தெரியும். இந்த மூன்று வரிக்குச் சம்மதிக்காதவரிடம் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். நல்லம்பள்ளி பக்கம் வேறு மனையும் விற்பனைக்கு இருக்கிறது.